உமி அடைத்த பெட்டி

மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளைத் தம்ளர் மறுபடியும் நடுங்கத் தொடங்கியபோது, சிங்காரவேலு கண்களைத் திறவாமலேயே சுவரை ஓங்கிக் குத்தினான். சுவருக்கு அப்பால் கித்தார் சட்டென்று நின்றது. அது நின்ற பிறகும் தூக்கம் திரும்பவில்லை. இரவு முழுவதும் பஞ்சாலையில் நின்றுவிட்டு, விடிந்தபின் அரியூர் வரை சைக்கிள் மிதித்து வந்து படுப்பவனுக்குப் பகல்தான் இரவு. அந்த இரவைத்தான் அண்டை வீட்டுத் தனிஸ்லாஸின் மின்சாரக் கித்தார் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தது. சென்ற வாரம் இயந்திரத்தின் அருகே நின்றபடியே கண்ணயர்ந்ததில், சட்டைக் கை பற்சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது. கிழிந்தது சட்டை மட்டுமே என்பதை நினைக்கும்போதெல்லாம் அவன் தன் விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொள்வான்.

“நீ குத்தற குத்துல சுவரு வுழுந்துச்சின்னா, ரெண்டு வூடும் ஒண்ணாப் பூடும்யா” என்றாள், அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த மனைவி கஸ்தூரி.

அவன் எழுந்து பக்கத்து வீட்டுக்குச் சென்றான். அவன் அழைப்பதற்கு முன்பே தனிஸ்லாஸின் மனைவி மதலேனாள் வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், கதவின் நிழலில், கித்தாரை மார்போடு அணைத்தபடி தனிஸ்லாஸ் தலைகுனிந்திருந்தான்.

“கோச்சுக்காதீங்கண்ணே. டவுன்ல ஒரு பாட்டுக் குழுவுல கித்தாருக்கு ஆளு தேடறாங்க. இவரும் போனாரு. நாலு பேரு உத்துப் பாத்தாப் போதும், வெரலு வெடவெடன்னு ஆடுது. வூட்ல வாசிக்கறத டேப்புல புடிச்சிக் குடு, கேட்டுட்டுச் சொல்றேன்னுட்டாரு குழுக்காரரு. சனிக்கிழம சாயங்காலம் டேப்ப வாங்க ஆளு வருது.”

“நான் மில்லுக்குப் போனப்புறம் வாசிச்சா இன்னா?”

“ராத்திரில கரண்டு எங்கண்ணே ஒழுங்கா வருது? பல்பே மெழுகுவத்தியாட்டம் எரியுது. டேப்பு ஓடாம இழுக்குது.”

அது பொய்யில்லை என்பது அவனுக்கும் தெரியும். வில்லியனூர்த் தையற்கடையிலிருந்து தனிஸ்லாஸ் சாப்பாட்டுக்கு வரும் மதியவேளை ஒன்றே அவர்களுக்கு வாய்த்தது என்பதும் தெரியும். ஆயினும் கிழிந்த சட்டை நினைவுக்கு வந்தது.

“இன்னொரு தபா என் தம்ளரு ஆடட்டும். வூட்டுக்காரராண்ட சொல்லிக் காலி பண்ண வெச்சிடுவேன்.”

அவள் கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ, “ஆடாமப் பாத்துக்கறேண்ணே” என்று மட்டும் கூறி உள்ளே சென்றாள்.

மறுநாள் காலை அவன் வேலை முடிந்து திரும்பியபோது, அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறுத்துக்கொண்டிருந்தாள். கித்தாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும், அதை டேப்புக்குப் பிடித்துத் தர அதன் முன்னே ஒரு மைக்கும் அடங்கும் அளவுக்கு ஒரு பெட்டி. அதனைத் தன்னுள் விழுங்கும் அளவுக்கு இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் அரிசி ஆலையிலிருந்து தலையில் சுமந்து வந்த உமியைக் கொட்டி, உலக்கையால் இடித்து இறுக்கினாள். மீன்காரர்கள் பனிக்கட்டியை உமிக்குள் புதைத்து வெயிலைத் தடுப்பதைக் கண்டிருந்தாளாம். வெயிலை மறிக்கும் உமி சத்தத்தையும் மறிக்காதா என்பது அவளுடைய வாதம். மாதா கோயில் கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து உருக்கி, பலகை இடுக்குகளிலும் ஒயர் நுழையும் துளையிலும் ஊற்றினாள். பல் துலக்க வந்த சிங்காரவேலு, வாயில் வேப்பங்குச்சியுடன், படுக்கப் போவதையே மறந்து நின்றான்.

“இன்னாம்மா, யாரப் பொதைக்கப் போற?”

“உங்க கோவத்தத்தாண்ணே.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கொப்பளிப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் பெட்டியைச் சோதித்தார்கள். படுத்திருந்த சிங்காரவேலுவின் காதுக்குப் பாட்டு வரவில்லை. ஆனால் தம்ளர் நடுங்கியது. அவன் கை தானாகவே சுவரை நோக்கி உயர்ந்தது, பாதியில் நின்றது. கட்டிலிலிருந்து இறங்கி, தரையில் உள்ளங்கையை ஊன்றினான். பஞ்சாலையில் இயந்திரம் ஓடுவதைக் காதைவிட முன்னதாகப் பாதமே அறியும். அதே துடிப்பு இங்கே சிமெண்டுத் தரையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. உமி தோற்கவில்லை. பெட்டி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவன் சைக்கிளில் வந்தபோது, பழைய லாரி டியூப் ஒன்று அவன் தோளில் மாலைபோல் கிடந்தது.

“பாதி காத்தடிச்சி இதும் மேல தூக்கி வையி. மில்லுல மெஷினுக்கு அடியில ரப்பர் குடுப்பாங்க” என்று அதனை மதலேனாளின் வாசலில் போட்டான்.

“ஐய, காலி பண்ண வெக்கறேன்னீங்க?”

“தூங்கணும்ல தாயி, அதுக்குத்தான்” என்று முறைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

மதியம் விழிப்பு வந்தது. தம்ளர் அசையவில்லை. தெருவில் காகம் கரைந்தது. கஸ்தூரி புளி கரைக்கும் ஓசைகூடக் கேட்டது. கித்தார் மட்டும் கேட்கவில்லை. இதைத்தானே விரும்பினோம் என்று புரண்டு படுத்தான். மறுபடியும் புரண்டான். ஒருவேளை வாசிக்கவே இல்லையோ? ஆள் வரும் நாளாயிற்றே, மறுபடியும் விரல் நடுங்கிவிட்டதோ? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

பக்கத்து வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மெல்லத் தள்ளினான். தனிஸ்லாஸ் பாயில் அமர்ந்து, கண்களை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். அறையில் இசையே இல்லை. நகம் கம்பியைத் தொடும் ‘டிக், டிக்’ என்ற ஓசை மட்டும், பல்லி சொல்வதுபோல் கேட்டது. தன் வாசிப்பு அவன் காதுக்கே எட்டவில்லை. ஆயினும் அந்த விரல்கள் நடுங்கவில்லை. வாய்க்கால் நீரில் மீன்குஞ்சுகள் ஓடுவதுபோல் ஓடின. டேப்ரெக்கார்டர் சுழன்றுகொண்டிருந்தது. லாரி டியூபின் மேல் மிதந்த பெட்டியின் மூடியில் மதலேனாள் உள்ளங்கையைப் பதித்திருந்தாள்.

அவனைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. கணவனின் மூடிய கண்களைப் பார்த்தாள். பிறகு மெல்ல உதட்டின்மேல் விரல் வைத்தாள். அந்தக் கண்கள் திறந்தால், எதிரே ஓர் ஆள் நிற்பதைக் கண்டால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். திரும்பிப் போனால் கதவு கிறீச்சிடும். அவள் சற்று நகர்ந்து, மூடியில் இடம் விட்டாள்.

சிங்காரவேலு கால்விரல் நுனியில் நடந்து வந்து தன் கையை அங்கே வைத்தான். அடைகாக்கும் கோழியின் வயிற்றடியில் கைவிட்டாற்போல, இளஞ்சூட்டோடு ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு ஏறியது, குழைந்தது, ஓரிடத்தில் நின்று யோசித்தது, மறுபடி ஏறியது.

அப்போதுதான் பஞ்சுத் தூசி படிந்த அவன் நெஞ்சிலிருந்து இருமல் கிளம்பியது. அவன் துண்டை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின; கண்களில் நீர் கோத்தது; மூடியின் மேலிருந்த கை மட்டும் அசையாமல் இருந்தது. தனிஸ்லாஸ் கண் மூடியபடியே, தலையை ஒருபுறம் சாய்த்து, அடுத்த சரணத்துக்குள் நுழைந்தான்.