தனி அடுப்பு

ரேஷன் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா காபி குடித்த விதத்தைப் பார்க்கக் காந்தாவுக்குச் சகிக்கவில்லை. ஓரகத்தி லட்சுமம்மா போட்ட நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்து, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்து, டம்ளர் அடியில் தங்கிய சர்க்கரையை விரலால் வழித்து நக்கினார் மனுஷன். அந்தச் சர்க்கரை காந்தாவின் பங்கு. அவளும் மகள் ஜானகியும் இன்னும் லட்சுமம்மா வீட்டுக் கார்டில்தான் இருந்தார்கள்.

காந்தாவின் புருஷன் ராஜேந்திரன் போன ஐப்பசியில் காய்ச்சலில் செத்துப்போனான். காரியம் முடிகிறவரை மாரடித்து அழுத வீடு, மறுநாளே சோற்றுப்பானையை மூடிக்கொண்டது. ஆனால் கார்டிலிருந்து தாயையும் பிள்ளையையும் எடுக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. புருஷனின் அண்ணன் முனிகிருஷ்ணன் வாரா வாரம் அவர்கள் அரிசியையும் சேர்த்து வாங்கி, அப்படியே ஓட்டலுக்குத் தள்ளிக் காசாக்கினார். தன் பங்கைக் கேட்கப் போனதற்கு, "தங்க எடம் குடுத்திருக்கோமே, அது பத்தலையா ஒனக்கு?" என்றாள் லட்சுமம்மா. செத்தவன் பிள்ளையின் சோற்றை விற்றுத் தின்கிற வாய்க்குப் பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, கிடைத்த கூலியில் ராகி வாங்கி, பின்பக்கத்துச் சாய்ப்பில் மண்ணடுப்பு போட்டுப் பொங்கித் தின்றாள் காந்தா. பிறகு தனிக் கார்டு கேட்டு மனு கொடுத்தாள். சர்க்கார் கணக்குப்படி தனியாகச் சமைத்தால்தான் தனிக் குடும்பம். அதை இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்க்கவேண்டும். எப்போது வருவார் என்று சொல்லமாட்டார்கள். வரும்போது ஆள் இல்லையென்றால் மனு குப்பைக்குப் போகும். அதற்குப் பயந்து அவள் வேலைக்குப் போகாமல் ஜோகுபாளையத்துத் தெருமுனையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். கூலி நின்றது, ராகியும் தீர்ந்தது. கிருஷ்ணப்பா துரை வந்து சேர்ந்த அன்று பானையில் வெறும் வெந்நீர்தான் இருந்தது.

கிருஷ்ணப்பா குனிந்து பானைக்குள் பார்த்தார். "ஏனம்மா, தனியா சமைக்கிறேன்னு எழுதிக் குடுத்திருக்கே. அரிசி இல்ல, ராகி இல்ல. இதைச் சமையல்னு நான் எப்படி எழுதறது?"

"அரிசி இருந்தா ஒங்களை எதுக்கு சார் கேக்கறேன்? ஒங்களுக்காகக் காத்துக் கெடந்துதான் கூலியே போச்சு."

"அதெல்லாம் நனகே பேடாம்மா, வேண்டாத கதை. எனக்குச் சாட்சி வேணும்."

"அது குளிக்க வெந்நி போடற அடுப்பு சார்," என்று முந்திக்கொண்டாள் லட்சுமம்மா. "தாயும் புள்ளையும் சாப்பிடறது எங்க பானையிலதான். புருஷன் போன துக்கத்துல இவ என்னவோ ஒளர்றா."

"அக்கா, மனசாட்சியோட பேசுங்க!"

லட்சுமம்மா விறுக்கென்று உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு தட்டு. ஆவி பறக்கும் சோறு, மேலே பருப்பு, அதற்கும் மேலே நெய். "ஜானகி, வாடி என் கண்ணு! பெரியம்மா சோறு போட்டிருக்கேன் பாரு."

ஐப்பசிக்குப் பிறகு அந்த வாயிலிருந்து 'கண்ணு' வந்தது அன்றைக்குத்தான். காலையிலிருந்து பட்டினி கிடந்த ஐந்து வயசுப் பிள்ளைக்கு அந்தச் சூதெல்லாம் எப்படித் தெரியும்? ஓடிப்போய்த் தட்டின் முன் உட்கார்ந்து, சூடு பார்க்காமல் அள்ளி வாய் நிறைய அடைத்துக்கொண்டது.

"சரி, ஒரே குடும்பம்தான்," என்று சொல்லிக் கிருஷ்ணப்பா பேனாவைத் திறந்தார்.

காந்தா பாய்ந்தாள். பிள்ளையின் தாடையை அழுத்திப் பிடித்து, விரலை உள்ளே விட்டு, மென்று பாதியாகக் கிடந்த சோற்றை எச்சிலோடு தோண்டி வெளியே போட்டாள். ஜானகி ஓங்கரித்தது. நாக்கடியில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது, அதையும் விடாமல் வழித்தாள்.

"இவங்க சோறு எங்களுக்கு வேணாம் சார். நாங்க தனி. எழுதிக்கோங்க!"

கிருஷ்ணப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "சீ, நீயெல்லாம் ஒரு தாயா? ஒரே பானையில திங்கற பொம்பளை இப்படிப் பண்ணமாட்டா." தனி என்று எழுதி, கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார்.

லட்சுமம்மா தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிள்ளை பார்க்கப் பார்க்கத் தன் பானையிலேயே திருப்பிக் கொட்டினாள். காந்தாவுக்கு அந்த வீடு, அந்த நெய் வாசம், அந்தப் பேனா எல்லாமே அருவருத்தது. எல்லாவற்றையும்விடத் தன் விரலில் ஒட்டியிருந்த பிசுபிசுப்புதான்.

கார்டு வந்தது. ரேஷன் டிப்போவில் வாங்கிய முதல் அரிசி புழுங்கல், கல்லும் மக்கின வாடையுமாக இருந்தது. அதைப் பொறுக்கி, கழுவி, மண்ணடுப்பில் வடித்து, தட்டில் குவித்தாள்.

"சாப்பிடும்மா, இது நம்ம சோறு."

ஜானகி ஒரு கவளம் எடுத்தது. வாயில் போட்டதும் இடது கையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டு, அம்மாவின் கையையே பார்த்தபடி அவசர அவசரமாக விழுங்கியது. அடுத்த கவளத்துக்கும் அப்படியே பொத்திக்கொண்டது.

காந்தா வலது கையை முந்தானைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டு, எழுந்து வெளியே போய் நின்றாள்.