பெரோவுக்கு ஒரு குழி

எலுனெட் கிழவிக்குப் பிடிவாதம் கொஞ்சம் ஜாஸ்தி. அவள் நாய் பெரோவுக்கு அதைவிட ஜாஸ்தி. வேல்ஸ் மலையுச்சியில் பழங்காலக் கோட்டையின் மண்கரைமேல் உட்கார்ந்து காலமெல்லாம் ஆடு காத்த நாய், நேற்று கண்ணை மூடிவிட்டது. அவனை அங்கேயே புதைப்பதென்று தள்ளுவண்டியில் போட்டு, மூச்சிரைக்க ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மண்வெட்டியை ஓங்கும் நேரத்தில்தானா தொல்லியல் அதிகாரி கெரெய்ன்ட் வந்து தொலைய வேண்டும்?

"ஐயோ, நிறுத்துங்கம்மா! ரெண்டாயிரம் வருஷத்துக் கரை. ஒரு கரண்டி மண்ணு கிளறக் கூடாது. சட்டம்!"

"என் நிலம்தானேடா?"

"நிலம் உங்களோடதுதான். தோண்டறது மட்டும் முடியாது."

எலுனெட் கரையின் மறுபக்கம் கை நீட்டினாள். பேட்ஜர் என்னும் காட்டு விலங்குகள் வளை பறித்து வண்டி வண்டியாய் மண்ணைத் தள்ளியிருந்தன.

"அதுங்க மட்டும் உன்கிட்ட அனுமதி வாங்கிச்சோ?"

கெரெய்ன்ட் தலையைச் சொறிந்தான். "அதுங்களைத் தொந்தரவு பண்றதும் குத்தம்மா. அது வேற சட்டம்."

"நல்லாருக்குடா நியாயம்! கரைக்கும் பாதுகாப்பு, கரையைக் குடையறதுக்கும் பாதுகாப்பு. ஞாயித்துக்கிழமை சேப்பலுக்கு உங்கம்மா வருவால்ல, பேசிக்கறேன்."

அம்மா பேரைக் கேட்டதும் அதிகாரி இறங்கி வந்தான். வரைபடத்தை விரித்தான். அகழிக்கு வெளியே, முட்புதரைத் தாண்டினால் சட்டம் இல்லை. "அங்கேருந்தும் ஆடு தெரியும்மா" என்று சொல்லி, மண்வெட்டியைத் தானே வாங்கிக்கொண்டான். முழங்கால் ஆழம் போவதற்குள் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

அப்போது மண்வெட்டியில் 'டக்'கென்று ஏதோ பட்டது.

கறுத்த பானை ஓடு. விளிம்பில் கீறல் கோலம். கெரெய்ன்டின் முகம் பண்டிகைக் குழந்தை முகமாகி, மறுகணமே தொங்கிப்போனது. அவன் வாயைத் திறந்தால் சட்டத்தின் எல்லை இதுவரைக்கும் வந்துவிடும். பெரோ மறுபடி வண்டியில்.

எலுனெட்டுக்குப் புரிந்துவிட்டது. சண்டை போட அவளிடம் தெம்பில்லை. கண் நிறைந்துவிட்டது.

"பழசாடா? இன்னொரு தடவை அவனைத் தூக்க என்னால ஆகாது."

கெரெய்ன்ட் அந்தப் பானை ஓட்டைத் தன் சட்டையில் துடைத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெருமூச்சு விட்டு, குழிக்குள்ளேயே மெதுவாக வைத்தான்.

"இல்லம்மா. பெரோவோட சோத்துக் கிண்ணம் போல. இங்க தூக்கிட்டு வந்து ஒடைச்சிருப்பான்."

"ஆமா, செய்யக்கூடிய பயதான்" என்றாள் எலுனெட்.

பெரோ ஆயுசு முழுக்கத் தின்றது தகரத் தட்டில்.