நாற்பது நாளாக எதுவும் காணாமல் போகவில்லை

வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை வகுப்பு. வாதத்தை எடைபோடும் கேள்வி என்றால் அங்கே சாமினியை மிஞ்ச ஆளில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் பிழைவிட்டாள்.

மேனகா மிஸ் பலகையில் எழுதியிருந்தது சின்ன விஷயம். ஒரு விடுதியில் தினமும் முட்டை காணாமல் போனது. சமையற்காரரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன்பிறகு ஒரு முட்டைகூடக் குறையவில்லை. ஆகவே எடுத்தவர் அவர்தான். இந்த வாதம் நிற்குமா என்று அறிய எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்?

"அவர் முந்தியும் களவெடுத்தவரா எண்டு, மிஸ்."

"அது ஆளைப் பற்றின கேள்வி, சாமினி. இந்த வாதம் தொங்குறது 'அதன்பிறகு' எண்டதில. அவரை நிப்பாட்டின அதே நேரம் வேற ஏதும் மாறினதா? ஓம் எண்டால் வாதம் ஆடும். இல்லையெண்டால் இறுகும். அப்பிடி ரெண்டு பக்கமும் சாய்க்கிற கேள்வியைத் தேடும்."

பக்கத்தில் இருந்த அம்னா குனிந்து சிரித்தாள். "எங்கட ஊட்டு பிஸ்கட் டின் நோன்பு மாசம் மட்டும் பகல்ல குறையவே குறையாது. கள்ளன் ஊர உட்டுப் போனதால இல்ல புள்ள. களவாத் தின்னுற சீனி வருத்தக்கார வாப்பாக்கு நோன்பு!"

சாமினியும் சிரிக்கப் போனாள். சிரிப்பு வரவில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியிலிருந்து மம்மியின் நகைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிருந்தன. முதலில் தோடு, பிறகு மோதிரம், கடைசியில் கல்யாண வளையல். "பகலெல்லாம் வீட்டில இருக்கிறது அண்ணா மட்டும்தானே," என்று சொன்னவள் சாமினி. திருநீற்றுப் புதனுக்கு முதல்நாள், வேலையில்லாதிருந்த அண்ணா மெல்ரோயை டடி வீட்டை விட்டுத் துரத்தினார். இப்போது அவன் பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறான்.

"ஈஸ்டருக்காவது பிள்ளையைக் கூப்பிடுவம்," என்று நேற்றும் மம்மி அழுதாள்.

"அவன் போன பிறகு ஒரு ஊசிகூடக் காணாமப் போகேல்ல. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று அவள் வாயை அடைத்ததும் சாமினிதான்.

அதே நேரம் வேறென்ன மாறியது? ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. வருடா வருடம் திருநீற்றுப் புதனன்று குடியை நிறுத்தும் டடி, ஈஸ்டர் வரை போத்தலைத் தொட மாட்டார்.

வகுப்பு முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. பஸ்ஸில் அந்தக் கேள்வியை ஓம் என்றும் இல்லை என்றும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள்.

டடி ஒஸ்வால்ட் முன்னறையில் உட்கார்ந்து, மறுநாள் குருத்து ஞாயிற்றுக்காக ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தார். எடுத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். அவள் வேறு விதமாகக் கேட்டாள்.

"டடி, மம்மியின்ட வளையல் எந்தக் கடையில அடகு கிடக்கு?"

ஓலை பாதி மடிப்பில் நின்றது. அவர் நிமிரவில்லை.

"மம்மிக்குச் சொல்லாத, பிள்ளை. எப்பிடியும் மீட்டுடுவன்."

"அப்ப அண்ணாவை ஏன் துரத்தினீங்க?"

"நீதானே அடிச்சுச் சொன்னாய், அவன்தான் எண்டு. லோ படிக்கப் போற பிள்ளை சொன்னால் ஆர் மறுத்துக் கதைக்கிறது? நானும் பேசாம இருந்திட்டன்."

அவள் போனை எடுத்தாள். மூன்றாவது தடவைதான் மெல்ரோய் பதில் சொன்னான். பின்னால் மீன் பெட்டிகள் இழுபடும் சத்தம்.

"சொல்லுங்கோ, லோயர் அம்மா. இப்ப என்ன காணாமப் போச்சு?"

"ஒண்டும் இல்ல அண்ணா. நான் பிழையாச் சொல்லிட்டன். வீட்டுக்கு வா."

பெட்டி ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆர் கூப்பிடுறது?" என்றான் அவன். "நீயா, டடியா?"

சாமினி டடியைப் பார்த்தாள். ஓலையை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, போனை அந்தக் கையில் வைத்தாள்.