ரெண்டு மூடி மருந்து

அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி எனும் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறையில் அருணாதேவி வேலை பார்த்தாள். அவள் புருஷன் சிவபாண்டிக்கு வெம்பக்கோட்டைக்குக் கிழக்கே நாலு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. இரண்டு வருடமாக மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றுவிட்டது. சீசனுக்கு மட்டும் போய்வருகிறேன் என்று அவள் கிளம்பினாள்.

காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். மகள் அழகுமீனா அப்போது தூங்கிக்கொண்டிருப்பாள். எழுந்தால் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்பதால், அருணாதேவி கொலுசைக்கூட மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போவாள். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போனாள். பதினொரு மணிக்கு அந்த அறை வெடித்தது.

உடம்பைத் துணியில் பொதிந்து கட்டிக் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாலரை வயதுப் பிள்ளை எதையும் பார்க்க வேண்டாம் என்று அழகுமீனாவைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் டிவி போட்டு உட்காரவைத்தார்கள்.

விருதுநகரிலிருந்து சிவபாண்டியின் அக்கா வீரலட்சுமி வந்தாள். அவள் புருஷன் அங்கே ஒரு பருப்பு மண்டியில் வேலையாக இருந்தார். பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகிப் போய்விட்டதால், தம்பி வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்க அவளால் முடிந்தது. சோறாக்கினாள், வந்தவர்களைக் கவனித்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டினாள்.

மூன்றாம் நாள் ராத்திரி அழகுமீனா கேட்டாள்.

"அத்தை, அம்மா எப்ப வருவா?"

"நீ கண்ண மூடித் தூங்குத்தா. நீ தூங்குனப்பறம் அம்மா வருவா."

வாயில் வந்ததைச் சொன்னாள். அப்புறம் அதை மறந்தும் போனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான், மகள் தூங்குவதே இல்லை என்பது சிவபாண்டிக்குத் தெரிந்தது. எந்நேரம் விழித்துப் பார்த்தாலும் அவள் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். படுக்கவைத்தால் படுப்பாள். அவன் திரும்பிப் படுத்ததும் மறுபடி எழுந்துகொள்வாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. விடியும் நேரத்தில் சுவரில் சாய்ந்தபடியே தலை தொங்கிவிடும். வேன்கள் ரோட்டில் ஆரன் அடித்ததும் திடுக்கிட்டு எழுந்து வாசலுக்கு ஓடுவாள்.

தொடையில் சிவப்புச் சிவப்பாகத் தழும்புகள் இருந்தன. கொசுவாக இருக்கும் என்று வேப்பெண்ணெய் தடவினான்.

இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனது. பிள்ளை சோற்றைத் தொடவில்லை. பால்வாடியில் உட்கார்ந்தபடியே சரிந்து விழுந்து நெற்றியில் காயம் பட்டது. சிவபாண்டியும் கிறுக்குப் பிடித்தவன்போல ஆனான். ஒருநாள் உழுதுகொண்டிருந்தபோது டிராக்டர் ஓட்டியபடியே கண் அயர்ந்து வரப்பில் ஏற்றிவிட்டான். அன்று சாயங்காலம் மெடிக்கலில் போய் நின்றான்.

"பிள்ளைக்குத் தூக்கமே வரலண்ணே."

கடைக்காரர் சளி மருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அரை மூடி குடுங்க. கொஞ்சம் அசந்து தூங்கும். சும்மா சும்மா குடுக்காதீக."

பாட்டிலைப் பார்த்ததும் அழகுமீனா பின்வாங்கினாள். "இது அம்மா கம்பெனி மருந்தா?"

"இல்லத்தா. இது இனிக்கிற மருந்து."

அன்றைக்கு அவள் தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு, கை கால்களை விரித்துப்போட்டுத் தூங்கினாள். சிவபாண்டியும் பக்கத்திலேயே விழுந்து தூங்கினான். காலையில் வீரலட்சுமி, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றாள்.

பத்து நாளில் அரை மூடி போதவில்லை. பிள்ளை தூக்கத்தோடு மல்லுக்கட்டினாள். கண் செருகும், தலையை உலுக்கிக்கொண்டு நிமிர்வாள். ஒரு மூடியாக ஆக்கினார்கள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் வீரலட்சுமி ஒரு மூடி கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, எதிர்வீட்டில் தண்ணீர் பிடிக்கப் போனாள். வயலிலிருந்து வந்த சிவபாண்டி, மகள் பாயில் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். அக்கா கொடுத்தாளா என்று கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உடம்பெல்லாம் வலி. அவள் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அவனும் ஒரு மூடி ஊற்றினான். அழகுமீனா மறுக்காமல் குடித்தாள்.

விடிந்து வேன் ஆரன் அடித்தது. பிள்ளை எழவில்லை. ஏழரைக்கு வீரலட்சுமி எழுப்பப் போனாள். தூக்கினால் கழுத்து நிற்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. உதடு வெளிறியிருந்தது. சிவபாண்டி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிய வீரலட்சுமி, 'ராத்திரி ஒரு மூடிதான குடுத்தேன்' என்று புலம்பிக்கொண்டே வந்தாள். லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வேன்காரர் மூவரையும் ஏற்றிக்கொண்டு சிவகாசி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

பிள்ளையை உள்ளே கொண்டுபோய் மூக்கில் ஆக்சிஜன் வைத்து, கையில் ஊசி ஏற்றினார்கள். குழந்தைகள் டாக்டர் ஒரு பெண். பாட்டிலை வாங்கிப் பார்த்தார்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"ரெண்டு மூடி" என்றான் சிவபாண்டி.

"இந்த வயசுக்கு ரெண்டு மூடியா? யாரு குடுத்தது?"

சிவபாண்டி தரையைப் பார்த்தான். "அக்கா குடுத்திருச்சு டாக்டர்."

வீரலட்சுமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் அவளைத்தான் திட்டினார். இன்னும் ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று கேட்டார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில்தான் அழகுமீனா தெளிவாகக் கண் திறந்தாள். சிவபாண்டி கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவள் தொடைத் தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாப்பா?"

"கிள்ளுனேன்."

"யாரு கிள்ளுனா?"

"நாந்தான். தூக்கம் வந்தா கிள்ளுவேன்." அப்பாவைப் பார்த்தாள். "நான் தூங்குனா அம்மா வந்துட்டுப் போயிருவா. வேன்ல போயிருவா. நேத்து வந்தாளாப்பா?"

சிவபாண்டி அவள் தொடையை உள்ளங்கையால் மூடினான். கதவோரம் நின்ற வீரலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

டாக்டர் அவனை வெளியே அழைத்தார். பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லையா என்று கேட்டார். சின்னப் பிள்ளை, தாங்காது என்றான். "இப்ப மட்டும் தாங்குதா?" என்றார் அவர். "ஊருக்குப் போயிருக்கா, சாமிகிட்டப் போயிருக்கான்னு சொல்லாதீங்க. தூங்குறா, வருவான்னு சொல்லாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க. இனிமே மருந்து கிடையாது. ஒரே நேரத்துக்குப் படுக்கவைங்க, பக்கத்துல இருங்க. எந்திரிச்சுப் போனா சொல்லிட்டுப் போங்க."

அன்று மத்தியானம் வார்டில் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார்கள். சிவபாண்டி மகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"மீனா, கம்பெனியில மருந்து வெடிச்சிருச்சு. அதுல அம்மா செத்துப் போயிட்டாத்தா."

"வேன் வந்ததும் வருவாளா?"

"வர மாட்டா. செத்துப்போனா வர முடியாது."

"ராத்திரி?"

"ராத்திரியும் வர மாட்டா."

"நான் தூங்குனா?"

"நீ தூங்குனாலும் வர மாட்டா. முழிச்சிருந்தாலும் வர மாட்டா."

அவள் அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நான் தூங்குனதாலயா செத்துப்போனா?" என்று கேட்டாள். இல்லை என்றான். மறுபடி கேட்டாள். இல்லை என்றான். அப்புறம் அவள் அழுதாள். அம்மா போய் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அழுதாள். வாந்தி எடுக்கும்வரை அழுதாள்.

பிள்ளையை வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்றே வீரலட்சுமி விருதுநகருக்குக் கிளம்பினாள். "இருந்துட்டுப் போக்கா" என்று அவன் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஊரில் விஷயம் பரவியது. அத்தைக்காரி பிள்ளையைக் கொல்லப் பார்த்தாளாம் என்று பேசினார்கள். சிவபாண்டி காதிலும் விழுந்தது. அவன் மறுத்துப் பேசவில்லை.

உண்மையைச் சொன்னதும் பிள்ளை தூங்கிவிடவில்லை. எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவான். ராத்திரிக்கு ஆறு தடவை அலறிக்கொண்டு எழுவாள். "அப்பா இங்கனதான் இருக்கேன்" என்பான். வெளியே போக வேண்டுமென்றால் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போவான். தீபாவளிக்கு எதிர்வீட்டில் பூச்சட்டி வைத்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு ஜன்னலில் நின்று பார்த்தவள், "இது அம்மா செஞ்சதாப்பா?" என்று கேட்டாள். "இருக்கும்" என்றான். அன்றைக்கு விடியவிடிய இருவரும் தூங்கவில்லை.

கார்த்திகையில் ஆறு தடவை எழுவது நாலாகி, நாலு இரண்டானது. மார்கழி நடுவில் ஒரு நாள் அவள் இரவு முழுக்க எழவே இல்லை. சிவபாண்டிதான் பத்து தடவை எழுந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு சீராக வந்தது. அவனால் படுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன வார்த்தை நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினான். வீரலட்சுமி முறத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அழகுமீனா ஓடிப்போய் அத்தை முதுகைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு நானும் ஒரு மூடி குடுத்தேன்" என்றான். "டாக்டர்கிட்ட உம்மேல போட்டுட்டேன்."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். வீரலட்சுமியின் கை நின்றது.

"எனக்குத் தெரியாதாலே? நான் ஒரு மூடிதான குடுத்தேன். இன்னொண்ணு பேயா குடுத்துச்சு?"

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். வரல. மறுநாளு புள்ள சொன்னதக் கேட்டப்பறம், அவள முழிக்க வச்சதே நாந்தானேன்னு ஆயிருச்சு. அதோட இதும் எம்மேலயே கெடந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "ஆனா மூணு மாசம் ஒரு போன் பண்ணல பாரு நீ. அத நான் மறக்க மாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னித்துவிடு என்று கேட்க வந்தவன் கேட்கவில்லை. வீரலட்சுமி எழுந்து உள்ளே போய் மூன்று பேருக்குச் சோறு போட்டாள். அவனுக்கும் போட்டாள், ஆனால் பேசவில்லை. சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே அழகுமீனாவுக்குக் கண் செருகியது. அத்தை மடியில் தலையை வைத்துப் படுத்தவள், எச்சில் கையோடு அப்படியே தூங்கிப்போனாள். வீரலட்சுமி அவள் கையை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். அசையாமல், கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தாள்.