தேன் நிறப் பட்டைகள்

"அத்தானுக்குக் கண்ணு இருக்கு!"

தன் அக்காள் வீட்டுக் கூடத்தில், அக்காள் கணவர் தேர்ந்தெடுத்துக் கண்ணாடிக் கதவை மறைத்துத் தொங்கவிட்டிருந்த நெட்டைத் துணிப் பட்டைகளைத் தடவியபடி மனைவி சொன்ன அந்த வாக்கியம், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இருபத்தாறு ஆண்டுகளாக ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து வருபவர் அவர். கண் இருப்பதோ, பேருந்துப் பணிமனையில் கிரீசோடு புரளும் சகலைக்காம்! பொறாமை என்பது எதிர்மறைத் தொழிற்பெயர். பொறுக்க மாட்டாமை என்று பொருள். அவரால் பொறுக்க முடியவில்லை. அதே வாக்கியத்தைத் தம்மைப் பற்றி மனைவி சொல்லக் கேட்டாலன்றி அவருக்குச் சோறு இறங்காது.

மறுவாரமே தம் வீட்டின் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கும் பெரிய சன்னலுக்கும் அதே போன்ற திரை போடுவதற்குப் பிளைண்ட்ஸ்காரரை வரவழைத்தார். துணி மாதிரிகள் ஒட்டிய தடித்த புத்தகம் மேசைமேல் விரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சகலையும் வந்து சேர்ந்தார். அழைத்தவள் மனைவி என்று தெரிந்ததும் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

"சகலை, மேசையில வச்சுப் பார்க்காதீங்க. கண்ணாடியில ஒட்டிப் பிடிச்சுப் பாருங்க. வெயில் ஊடுருவி வந்தா நிறம் வேற ஆயிடும்," என்றார் வந்தவர்.

"சார் சொல்றது சரிதாங்க," என்றார் பிளைண்ட்ஸ்காரர்.

கடைக்காரருக்கும் அது சரியென்றே பட்டது. சொன்னவர் வேறு யாராக இருந்தாலும் உடனே எழுந்து பிடித்துப் பார்த்திருப்பார்.

"லென்ஸ் விக்கிறவனுக்கு வெளிச்சத்தைப் பத்திப் பாடமா? பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கிற அன்னைக்கு உங்களைக் கேட்கறேன்." தேன் நிறத் துணியில் விரலை ஊன்றினார். "இதுதான்!"

"முதல்ல ஒரு கதவுக்கு மட்டும் வெட்டி மாட்டுறேங்க. பிடிச்சா மீதியை வெட்டலாம்," என்றார் பிளைண்ட்ஸ்காரர். அவர் பல வீட்டுச் சகலைகளைக் கண்டவர்.

பத்தாம் நாள் காலை திரையை மாட்டிச் சங்கிலியை இழுத்தார். பட்டைகள் ஒருசேரத் திரும்பி மூடிக்கொண்டன. வெயில் துணிக்குள் புகுந்தது. சுவர், சோபா, வெள்ளைப் பூனை எல்லாம் மஞ்சள். மனைவி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிய சகலை தலையை நீட்டினார். "அடடா! காமாலை யாருக்கு, வீட்டுக்கா உங்களுக்கா?"

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். குறையில்லாத கண்களுக்கும் அப்படியே தெரிந்ததுதான் கொடுமை.

"மீதியையும் இதுலயே வெட்டவாங்க?"

வேண்டாம் என்று சொல்லத்தான் கடைக்காரர் வாயெடுத்தார். சகலையின் உதட்டோரச் சிரிப்பு கண்ணில் பட்டது.

"வெட்டுங்க! எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

மனைவி பிளைண்ட்ஸ்காரரின் மாதிரிப் புத்தகத்தை எடுத்துப்போய்ச் சன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள். ஒவ்வொன்றாய்ப் புரட்டி, சாம்பல் கலந்த வெண்மையில் நிறுத்தினாள்.

"எல்லாத்துக்கும் இது. அந்த மஞ்சளை அவர் கடையில மாட்டிக்கட்டும். வர்றவங்களுக்குக் கண்ணு கெட்டா வியாபாரமும் ஆகும்."

"உனக்குக் கண்ணு இருக்கும்மா!" என்றார் சகலை.

அவள் கணவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தாள். "எப்பவும் இருந்துச்சுன்னு சொல்ல முடியாது அத்தான்."

பிளைண்ட்ஸ்காரர் ஏணிப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. அந்த வாக்கியம் அவளிடமிருந்து சகலைக்கும், சகலையிடமிருந்து அவளுக்கும் போய் வந்துவிட்டது. இடையில் நின்ற அவர்மேல் ஒருமுறைகூடப் படவில்லை.