என் பின்னால் வந்த சேறன்

"உன் பின்னால யாரு வரணும்?"

தன்யா சேச்சி என்னிடம் இதைக் கேட்டபோது மற்ற இருவரும் தங்கள் பதிலைச் சொல்லி முடித்திருந்தார்கள். நிகில் சிறகு முளைத்த சிங்கத்தை எடுத்துக்கொண்டான். ஸ்ரீநாத் எலும்புக்கூட்டுப் படைவீரர்களை எடுத்துக்கொண்டான். "சோறு போட வேண்டாம், சம்பளம் கேக்காது, லீவு கேக்காது. எங்க முதலாளி பார்த்தா சந்தோஷத்துல அழுதிருவாரு" என்றான்.

அது கதை சொல்லி ஆடும் விளையாட்டு. மேசையில் ஒரு வரைபடம், சில பகடைகள், ஆளுக்கொரு தாள். நாம் யாராக ஆடுகிறோமோ அவர்களுடைய பலமும் பலவீனமும் அந்தத் தாளில் இருக்கும். சேச்சிதான் கதையை நடத்துபவள். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நான் ஒரு சூனியக்காரி. பல ஞாயிறுகளாகச் சாகாமல் இருந்ததற்குப் பரிசாக எங்கள் ஆட்கள் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள். அந்தப் படிக்கு வந்தவர்கள் ஒரு பூதத்தையோ மிருகத்தையோ துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் ஒன்றும் சொல்லாததால் சேச்சி பூதங்களின் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். "வீட்டுக்குக் கொண்டு போ. அடுத்த ஞாயிறு சொன்னா மதி, அவசரமில்ல."

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பழைய சாக்குக் கடை. அதற்கு மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவள்தான் தன்யா சேச்சி. கலூரில் ஒரு படம் வரையும் கம்பெனியில் அவளுக்கு வேலை. குடிவந்த புதிதில், தரையில் உட்கார மெத்தை தைப்பதற்காகச் சாக்கு வாங்க வந்தாள். சாக்குகளில் அச்சடித்திருந்த முத்திரைகளுக்கு நான் மார்க்கர் பேனாவால் பல்லும் கண்ணும் வாலும் போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதனால்தான் மாடிக்குப் போனேன்.

எனக்குப் பேச்சு வராமல் இல்லை. யாராவது என் பதிலுக்காகக் காத்திருந்தால்தான் தொண்டை மூடிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். டீச்சர் திட்டவில்லை. "மெதுவா வாசி மோளே, நாங்க காத்திருக்கோம்" என்றார். வகுப்பு முழுவதும் காத்திருந்தது. மணி அடித்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வாரம் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை. வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்குப் போகாமல் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மாடியில் இது தெரிந்ததும் சேச்சி எனக்காக ஒரு விதி செய்தாள். எல்லாரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவென்றால் மேசையில் ஒரு சின்ன மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைப்பாள். மணல் கொட்டித் தீர்வதற்குள் மறுப்பவர்கள் மறுக்கலாம். பேசாதவர்கள் சம்மதம். "யாரும் உன் மூஞ்சியப் பார்த்துட்டு உக்கார மாட்டாங்க, கேட்டியா?" என்றாள். அதைவிட இரக்கமான விதியை யாரும் எனக்காகச் செய்ததில்லை.

அந்த வாரம் மதியங்களில் சாக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து புத்தகத்தை வாசித்தேன். ஓநாய் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது எஜமானின் குரலுக்குத்தான் பாயும். கல்மனிதனுக்குக் காதில் மந்திரம் சொல்ல வேண்டும். வெட்ட வெட்ட முளைக்கும் அரக்கன் கொள்ளையில் பங்கு கேட்டுச் சண்டை போடுவான். திருப்பிக் கத்தினால்தான் அடங்குவான். ஒரு குட்டிச்சாத்தான் இருந்தது. வாய் ஓயாமல் பேசும். நான் பேசாததை எல்லாம் அது பேசட்டுமே என்று கொஞ்சம் ஆசையாக இருந்தது. எஜமானைப் பற்றி அது சொல்வதெல்லாம் பொய்யாக இருக்கும் என்று கீழே போட்டிருந்தது. ஆள் உயரச் சிலந்தி ஒன்று மட்டும் எதையும் கேட்காமல் பின்னால் வரும். அது தன் எஜமானைத் தின்றுவிட வாய்ப்பு உண்டாம்.

சொல்லாமலே வந்து, தின்னாமலும் இருக்கும் துணை அந்தப் புத்தகத்தில் இல்லை. கடைசியில், நாமாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வெற்றுப் பக்கம் இருந்தது.

எங்கள் படகுத்துறையிலிருந்து பார்த்தால் எதிரே வெலிங்டன் தீவு. கப்பல் வருவதற்காகக் காயலைத் தோண்டி, அள்ளிய சேற்றைக் கொட்டி உண்டாக்கிய தீவு. அந்தச் சேற்றோடு இன்னொன்றும் வெளியே வந்துவிட்டது என்று எழுதினேன். அது ஆழத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது திரும்பிப் போக வழி தெரியவில்லை. பெயர் சேறன். காது இல்லை, வாய் இல்லை, கண் மட்டும் உண்டு. என் கையைப் பார்த்து நடக்கும். கையை நீட்டினால் அந்தப் பக்கம் போகும். கையைத் தூக்கினால் நிற்கும். பலம் மிகக் குறைவு. வெயிலில் வெடித்துவிடும், நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். சேறனின் தாளை நான் தமிழில் எழுதினேன். நிகிலுக்கு அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு.

எழுத்து புரியாவிட்டாலும் நான் தாளில் வரைந்திருந்த படம் அவனுக்குப் புரிந்தது. "இதென்னா, கால் முளைச்ச சாக்கடையா? எடீ, துணைக்கு ஆள் சேக்கச் சொன்னா நீ தர்ம ஆஸ்பத்திரி தொறந்திருக்கியே."

"விடுடா" என்றான் ஸ்ரீநாத். "கொச்சியில மழை தொடங்கட்டும். உன் சிங்கம் சளி பிடிச்சுத் தும்மும். இது மட்டும் ஜாலியா நடக்கும்."

சேச்சி சிரிக்கவில்லை. தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பேசாம எப்படி நடத்துவே?" என்று கேட்டாள். நான் படகுத்துறைச் சேற்றில் பிடித்துக் காயவைத்திருந்த கட்டைவிரல் அளவு உருவத்தை வரைபடத்தின் மேல் வைத்தேன். பிறகு கையை நீட்டிக் காட்டினேன். சேச்சி அந்தத் திசையில் உருவத்தை நகர்த்தினாள். கையைத் தூக்கினேன், நிறுத்தினாள்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளைப் பற்றி நான் நிறைய எழுதலாம். குகையில் வெள்ளம் புகுந்தபோது சேறன் எங்களைச் சுமந்து கடந்தான். இன்னொரு நாள் எங்கள் கப்பலின் அடியில் ஓட்டை விழுந்தது. எல்லாரும் பகடையை உருட்டித் தோற்றார்கள். நான் ஓட்டையைக் கைகாட்டினேன். சேறன் போய் அதில் படுத்துக்கொண்டான். நிகில்கூட மேசையைத் தட்டினான். உருவம் காய்ந்து விரிசல் விடும்போதெல்லாம் விரலைத் தண்ணீரில் தொட்டுப் பூசிவிடுவேன். மாடியிலிருந்து இறங்கும்போது என் பின்னால் யாரோ வருவதுபோல் இருக்கும். ஞாயிறு மதியம் இருந்தால் மற்ற நாட்களைக் கடத்திவிடலாம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அது ஒன்றைத் தவிர வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பாலக்காட்டில் லதீஃபா மாமி குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அத்தாவின் அக்கா அவர். மகன்கள் சார்ஜாவில். இனி எழுந்து நடப்பது சிரமம் என்று டாக்டர் சொன்னாராம். செய்தி வந்த அன்று நான் அடுக்களை வாசலில் கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமிக்கு ஆள் வேணும். தூக்கி உக்கார வைக்கணும், கஞ்சி குடுக்கணும், துணி மாத்தணும்" என்றாள் அம்மா.

என் அண்ணன் அக்மல் இடப்பள்ளி மாலில் செருப்புக் கடையில் வேலை செய்கிறான். "ரஃபீனா இருக்காள்ல" என்றான். "அவளுக்கென்ன ஸ்கூலா, ஆபீஸா? இங்க உக்காந்திருக்கிறத அங்க போய் உக்காரட்டும்."

"மாமிக்கும் யாரும் தொணதொணன்னு பேசினா ஆகாது. இவ ஒண்ணும் பேசமாட்டா. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்" என்றாள் அம்மா.

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றார் அத்தா.

"கேட்டு அவளக் கஷ்டப்படுத்தணுமா? இஷ்டமில்லைன்னா மூஞ்சியில தெரியாதா?" என்றாள் அம்மா.

அத்தா என் முகத்தைப் பார்த்தார். நான் கப்பையைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ எனக்குத் தெரியாது. "அடுத்த வாரம் வியாழக்கிழமை நானே கொண்டு விடுறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு மாடியில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் ஒரு கறுப்பு நதிக்கரைக்கு வந்திருந்தார்கள். அங்கே ஒரு தோணிக்காரி. அக்கரைக்குப் போக அவள் கேட்ட கூலி ஓர் உயிர். எலும்புக்கூடுகளை அவள் வேண்டாமென்றாள். அவற்றில் உயிர் இல்லை.

"என் சிங்கத்தத் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றான் நிகில். "அந்தச் சேறு போதும். அதுக்குத்தானே துணைன்னு வச்சிருக்கோம்."

"பாவம்டா. கப்பல் ஓட்டைய அடைச்சது அதுதானே" என்றான் ஸ்ரீநாத். பிறகு வரைபடத்தைப் பார்த்தான். "ஆனா வேற வழி இருக்கிற மாதிரியும் தெரியல."

சேச்சி மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தாள். விதியின்படி அவள் என் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. ஆனால் பார்த்தாள். ஸ்ரீநாத்தும் பார்த்தான். நிகில் நகத்தைக் கடித்துக்கொண்டே பார்த்தான். அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வேண்டாம் என்ற சொல் என் நாக்கின் அடியில் இருந்தது. மணல் தீர்ந்தது.

சேச்சி உருவத்தை விரலால் நதியின் பக்கம் தள்ளினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சேறன் தோணியில ஏறுறான். ஏறும்போது உன் கையப் பாக்குறான். கை தூக்கலையே, அதனால போறான்."

என் கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன. கையைத் தூக்கினால் நிற்பான் என்று எழுதியவள் நான்தான். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆட்டம் முடிந்து நான் இறங்கும்போது சேச்சி படிக்கட்டுவரை வந்தாள். "நான் நிறுத்தியிருக்கணும். உனக்கு நல்லதுன்னு செஞ்ச விதி உன்னையே கடிச்சிருச்சு. கோபமா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் சொல்ல முடிந்தது. வியாழக்கிழமை பாலக்காடு போகிறேன், மாமி எழுந்து நடக்கமாட்டார், அதனால் திரும்பி வருவது என்றொன்று கிடையாது என்று சொன்னேன். அவளிடம் நான் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"நீ போகணும்னு ஆசப்படுறியா?"

தலையை ஆட்டினேன், இல்லையென்று.

"அப்போ நான் வந்து அத்தாகிட்ட பேசுறேன். எங்க கம்பெனியில வரையறதுக்கு ஆள் எடுக்கிறாங்க. படிப்பு கேக்கமாட்டாங்க, வரஞ்சு காட்டினா மதி. உன் சாக்குப் படமெல்லாம் நான் காட்டிட்டேன், அவங்களுக்கு இஷ்டமாயிருச்சு." படியில் இறங்கிவிட்ட என்னைக் குனிந்து பார்த்தாள். "ஆனா உன் அத்தா கேப்பாரு. நீதான் சொல்லணும். சொல்லக்கூட வேண்டாம். கையத் தூக்கு. மத்ததை நான் பேசிக்கிறேன்."

புதன்கிழமை மாலை அவள் வந்தாள். சேலை கட்டியிருந்தாள்; நான் அவளைச் சேலையில் பார்த்ததே இல்லை. கம்பெனி தந்த கடிதத்தை அத்தாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். மாமிக்கு அங்கேயே ஒரு ஹோம் நர்ஸை வைக்கலாம், சம்பளத்தில் ஒரு பகுதியை ரஃபீனாவே அதற்குத் தருவாள் என்றாள். அக்மல் கைபேசியைப் பார்த்தபடியே, "வீட்டு விசயத்துல வாடகைக்கு இருக்கிறவங்க எல்லாம் எதுக்கு?" என்றான்.

"நீ சும்மா இருடா" என்றார் அத்தா. கடிதத்தை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். "டீச்சரே" என்றுதான் சேச்சியைக் கூப்பிட்டார், ஏனென்று தெரியவில்லை. "நான் மனுசன் இல்லையா? போகமாட்டேன்னு என் மக சொன்னா, அக்காவுக்கு நான் வேற வழி பாப்பேன். அக்காவும் கோவிக்க மாட்டா. இவ சொல்லட்டும்."

அம்மா போட்டுத் தந்த சாயாவை நான் தட்டில் வைத்து அப்போதுதான் கொண்டுவந்திருந்தேன். நான்கு கண்ணாடிக் கிளாஸ்கள், விளிம்புவரை சாயா. இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்திருந்தேன்.

"சொல்லு மோளே" என்றார் அத்தா. அவர் குரலில் கோபம் இல்லை. "எத்தன நேரம் ஆனாலும் சரி. நாங்க காத்திருக்கோம்."

அம்மா கதவோரம் வந்து நின்றாள். அக்மல்கூடக் கைபேசியைக் கீழே வைத்துவிட்டான். யாராவது ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டால் தட்டு லேசாகும், ஒரு கை காலியாகும் என்று நினைத்தேன். யாரும் எடுக்கவில்லை. நான் பேசுவதற்காக எல்லாரும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் சின்ன மேசை ஒன்று இருந்தது. அதில் தட்டை வைத்திருக்கலாம் என்பது இதை எழுதும்போதுதான் தெரிகிறது. அப்போது கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட ஆரம்பித்திருந்தன. அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

சாயாவின் மேல் ஆடை படிந்தது.

"இஷ்டக்கேடு இருந்தா ஒரு வார்த்த சொல்லியிருப்பா டீச்சரே" என்றாள் அம்மா கடைசியில். "என் புள்ளைய எனக்குத் தெரியாதா?"

அத்தா கடிதத்தைச் சேச்சியிடம் திருப்பி நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு எழுந்தாள். என் கண்களைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் என் கைகளைத்தான் பார்த்தாள். வாசலில் குனிந்து, சேலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு செருப்பின் வாரை மாட்டினாள். அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு படலைத் திறந்து, வெளியே போய், சத்தம் வராமல் சாத்திவிட்டு நடந்தாள்.