கிழிஞ்ச ஸ்பீக்கர்

சித்திக்கு ஒரு வியாதி உண்டு. கழற்றிய எதையும் இருந்தபடியே திருப்பி மாட்ட மாட்டாள். யாராவது ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை, ஸ்விட்ச் கெட்டுப்போச்சு என்று கொண்டுவந்து கொடுத்தால் ஸ்விட்சை மட்டும் மாற்றிக் கொடுக்க வேண்டியதுதானே? ஊஹும். உள்ளே வீங்கிக் கிடக்கும் கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிப் புதுசு போடுவாள். புது டிவியில் படம் பளிச்சென்று விழுகிற மாதிரி வயரிங்கையே மாற்றுவாள். மஞ்சள் பூத்துப்போன மேல்மூடிக்கு மருந்து தடவி மொட்டைமாடி வெயிலில் வைத்து வெளுப்பாள். ஒருமுறை பெட்டிக்குச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது என்னுது இல்லீங்க, என்னோடதைக் குடுங்க" என்று வாசலிலேயே சண்டைக்கு நின்றார். சித்தி அன்று பூராவும் சிரித்த முகமாகவே இருந்தாள்.

பகலில் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் இந்தப் பழைய சாமான்கள்தான். சாப்பாட்டு மேஜை என்று ஒன்று அந்த வீட்டில் பேருக்குத்தான் உண்டு. அதன் மேல் ஈயமும் வயரும் அரைகுறைக் கம்ப்யூட்டர்களும் குடியிருந்தன. புருஷன்காரன், பஸ் டிரைவர், மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகிவிட்டான். "ஒருநாள் இந்தக் குப்பையெல்லாத்தையும் மூட்டை கட்டிக் கொண்டுபோய்ப் போட்டுடறேன் பாரு" என்பான். வாய்தான். ஒரு ஸ்க்ரூவைக்கூட நகர்த்தியதில்லை.

சித்தி என்று அவளைக் கூப்பிடுவது அக்கா மகள் ஒருத்திதான், வாயாடி, வயது பத்து. அவளுக்குச் சுண்டெலி என்று பேர் வைத்தது அவள் அப்பா. அந்த அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. சுண்டெலி பிறப்பதற்கு முன்னாலேயே தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அப்போது சித்திதான் அந்த மாமாவுக்கு, அக்கா புருஷனுக்கு, ஒரு பெட்டி செய்து கொடுத்தாள். பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றின் பலகை, உடைந்த கேம் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்த பேசும் சில்லு, ஒரு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, பேட்டரி. எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கி, தோளில் மாட்ட வார் வைத்துத் தந்தாள். மாமா தட்டுவார், பெட்டி பேசும். மெதுவாக, கனமாக, கொஞ்சம் இழுத்து இழுத்து, அடித்தொண்டையில் கரகரவென்று. முதலில் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சுண்டெலிக்கு அதுதான் தாலாட்டு, அதுதான் அதட்டல், அதுதான் அப்பா.

அந்தப் பெட்டி போய்ச் சேர வேறு நேரமே கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பந்து முகத்தில் பட்டுச் சுண்டெலியின் கண்ணுக்குள் விழித்திரை பிய்ந்துவிட்டது. உடனே ஆபரேஷன் என்றார்கள். இங்கே அட்மிஷன், அங்கே பெட்டி பொட்டென்று ஊமையாகிவிட்டது. மாமா சிலேட்டில் எழுதி எழுதிக் காட்டினார். ஆனால் ஆபரேஷன் முடிந்தால் இரண்டு கண்ணிலும் கட்டு இருக்குமே, சிலேட்டை யார் படிப்பது? போனில் எழுதினதை வாசிக்கிற குரல் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக் காட்டினால், "ஸ்டேஷன்ல அறிவிப்பு பண்றவங்க மாதிரி இருக்கு, வேணாம்" என்று சுண்டெலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சித்தி, நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள அப்பாவைச் சரி பண்ணிடு" என்றாள். பெட்டியை என்று சொல்லவில்லை.

சித்தி திறந்து பார்த்தாள். கெப்பாசிட்டர் ஒழுகிப் பலகையை அரித்திருந்தது. சுத்தம் பண்ணி, அறுந்த இடங்களுக்கு மெல்லிசு வயரால் பாலம் போட்டு, உயிர் வரவழைத்துவிட்டாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வியாதி விடுமா? பேசும் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு கிரிஸ்டல் இருக்கும், நகக்கண் அளவு வெள்ளி டப்பா. சில்லு எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று தாளம் போடுவது அது. அந்தக் காலத்தில் சரியானது கிடைக்காமல் கையில் இருந்த எதையோ வைத்து ஒப்பேற்றியிருந்தாள். இத்தனை வருஷமாக அது அவள் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. இப்போது சரியான கிரிஸ்டல் கையில் இருக்கிறது! பழையதைக் கட்டரால் வெட்டி எடுத்துக் கிரிஸ்டல் டப்பாவில் போட்டுவிட்டுப் புதுசை வைத்தாள். ஸ்பீக்கரும் கிழிசல், சுண்டெலி நடக்கப் பழகின வயதில் பென்சிலால் குத்தினது. அதை மாற்றித் தருகிறேன் என்று முன்பே கேட்டிருக்கிறாள், மாமா வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். சும்மா கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதையும் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

தட்டிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி தெளிவு. சித்திக்குப் புல்லரித்துவிட்டது.

அதே பெருமையோடு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தாள். சுண்டெலி கவிழ்ந்து படுத்திருந்தாள், வளையத் தலையணையில் முகம், தலையைச் சுற்றிக் கட்டு. கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டிருந்தார்கள். முகம் கீழே பார்த்து இருந்தால்தான் அந்தக் குமிழி மேலெழும்பி விழித்திரையை அமுக்கிப் பிடிக்கும்.

"இப்போதைக்குத் தலையைத் தூக்கவே கூடாது" என்று நர்ஸம்மா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "தூக்கினா குமிழி நகர்ந்துடும். அப்புறம் அந்தக் கண்ணுக்கு நாங்க உத்தரவாதம் இல்ல."

மயக்கம் தெளிந்து, குழந்தை முனக ஆரம்பித்திருந்தாள். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தார். சித்தி பெட்டியை அவர் மடியில் வைத்து, சரி என்று கட்டைவிரலைக் காட்டினாள். மாமா முகம் மலர்ந்தது. ஒரு கையால் தட்டினார்.

"சுண்டெலி, அப்பா இங்கே இருக்கேன்" என்றது பெட்டி. கணீரென்று, விறுவிறுவென்று, யாரோ வாலிபப் பையன் மாதிரி.

மாமாவின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது. அவர் சித்தியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"யாரு?" என்றாள் சுண்டெலி. "அம்மா, யாரு இது?"

"அப்பாதான்டா கண்ணு. சித்தி பெட்டியைப் புதுசா..."

"இல்ல! அப்பா இல்ல! அப்பாவுக்கு என்ன ஆச்சு? எதுக்கு என்கிட்ட மறைக்கறீங்க?" தோள் எழும்பியது. தலை தலையணையை விட்டு மேலே வந்தது. நர்ஸம்மா பாய்ந்து வந்து பின்கழுத்தைப் பிடித்தாள். அக்கா, "அசையாதடி, அசையாதடி" என்று அழுதாள். அழுகிற குரலைக் கேட்டதும் குழந்தை இன்னும் மிரண்டு போனாள். மாமா கையை இறுக்கிப் பிடித்தார். "கை அப்பா கைதான்... அப்பா ஏன் பேசல? அப்பா பேசட்டும்!"

"இப்படித் திமிறினா தாங்காது, நான் டாக்டரைக் கூப்பிடறேன்" என்றாள் நர்ஸம்மா. "திரும்ப மயக்க ஊசி போடறதா வேணாமான்னு அவர்தான் சொல்லணும். அதுவரைக்கும் பிடிச்சுக்குங்க."

சித்தி பெட்டியை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நாசமாப் போறவளே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒப்பேற்றி வைத்த அந்தத் தப்பான கிரிஸ்டல்தானே மாமாவின் குரலே! பத்து வருஷமாக அந்தப் பிள்ளைக்கு அப்பாவாக இருந்ததை வெட்டி எறிந்துவிட்டுச் சந்தோஷமாக வந்து நின்றிருக்கிறாளே.

புருஷனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, மேஜை மேல ஒரு டப்பா நிறைய வெள்ளி வெள்ளியா இருக்கும், அதைக் கொண்டாங்க. சன்னமான சால்டரிங் அயர்ன், அதையும். ஓடி வாங்க."

"எந்த டப்பா? இங்க அம்பது டப்பா இருக்கு."

"ஐயோ, எதையாவது கொண்டாங்க, சீக்கிரம்!"

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் கீழே ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தன் மேஜையில் கிடந்த டீ கிளாஸைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். அவரிடம் இருந்த அயர்ன் கடப்பாரை மாதிரி இருந்தது. சித்தி அதை வைத்துப் புதுக் கிரிஸ்டலை மட்டும் கழற்றினாள். பக்கத்து இடத்திலெல்லாம் ஈயம் வழிந்தது. பல் செட்டில் மயிரிழை பிசகாத கை அது.

புருஷன் வந்து சேர்ந்தான், வேர்த்து வழிய, தோளில் பெரிய மூட்டையோடு. மேஜை விரிப்பை நாலு மூலையும் பிடித்து அப்படியே முடிந்து தூக்கி வந்திருந்தான். குப்பைக் கூடையையும் விடவில்லை.

"எது குப்பை, எது சாமான்னு எனக்கு என்னிக்குத் தெரிஞ்சுது? எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துட்டேன்" என்றான்.

சித்தி டப்பாவைக் கவிழ்த்தாள். கிரிஸ்டல்கள் சிதறின, எல்லாம் ஒரே அச்சு. மேலே இருந்த நம்பர்களைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் எதை வைத்தாள் என்று ஞாபகமே இல்லை. அப்புறம்தான் பொறி தட்டியது. மற்றதெல்லாம் பதவிசாகச் சூடு பண்ணி எடுத்தவை, அடியில் இரண்டு கம்பிக் காலும் முழுசாக இருக்கும். அவசரத்தில் கட்டரால் வெட்டினது ஒன்றே ஒன்றுதான். மூன்று பேரும் குனிந்து தேடினார்கள். எலக்ட்ரீஷியன்தான் எடுத்துக் கொடுத்தார். ஒரு கால் பாதி இருந்தது. இன்னொன்று அடியோடு போயிருந்தது, வெறும் புள்ளிதான் மிச்சம்.

அந்தப் புள்ளியில் வயரை ஒட்ட வேண்டும். சூடு கூடினால் கிரிஸ்டல் செத்துவிடும். வேறொன்று கிடையாது. சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு அயர்ன் நுனியைத் தொட்டு எடுத்தாள். ஒட்டவில்லை. மறுபடி தொட்டாள். ஈயம் உருண்டு விழுந்தது. மாடியிலிருந்து அக்காவின் போன் வந்துகொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை ஈயம் பளபளவென்று படர்ந்து பிடித்துக்கொண்டது.

தட்டினாள். பெட்டி பேசியது. மெதுவாக, கனமாக, இழுத்து.

"அப்பாடா!" என்றார் எலக்ட்ரீஷியன். சித்தி பெட்டியை மூடப் போனாள்.

"இரு" என்றான் புருஷன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "இது சகலை இல்லையே. சகலை சாப்பிட வான்னு கூப்பிட்டாலே ஒரு கரகரப்பு இருக்குமே. அது எங்க?"

சித்தி மூடியைக் கீழே வைத்தாள். இன்னொரு தடவை அந்தக் குழந்தையிடம் வேறு யாரையோ கொண்டுபோய் நிறுத்தினால் அப்புறம் எதையும் நம்ப மாட்டாள். தலையைத் தூக்கியே விடுவாள். மாமா அன்றைக்கு வேண்டாமென்று தலையாட்டியது கூச்சத்தால் இல்லை. மகள் கை வைத்துக் கொடுத்த குரல் அது, அதை மாற்ற அவருக்கு மனசில்லை. ஏன் என்று கேட்கத்தான் இவளுக்குத் தோன்றவில்லை.

"கூடை! கூடையைக் கொட்டுங்க!"

வெங்காயத் தோலுக்கும் வயர்த் துண்டுக்கும் நடுவில் கிழிஞ்ச ஸ்பீக்கர் கிடந்தது. காகிதம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. புருஷன் சட்டை நுனியால் தோலைத் துடைத்து நீட்டினான். சித்தி புது ஸ்பீக்கரைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பழசை ஒட்டினாள். நசுங்கினதை நிமிர்த்தவில்லை, கிழிசலைத் தொடக்கூட இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாமானை இருந்தபடியே திருப்பி மாட்டினாள்.

படியேறி ஓடினார்கள். வார்டில் டாக்டர் ஊசியோடு நின்றிருந்தார். நர்ஸம்மாவும் அக்காவும் ஆளுக்கொரு தோளை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். சுண்டெலிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது; உடம்பு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் டாக்டர், ஒரே ஒரு நிமிஷம்" என்று கெஞ்சிக்கொண்டே சித்தி பெட்டியை மாமா மடியில் வைத்தாள். இந்தத் தடவை கட்டைவிரலைக் காட்டவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

மாமா தட்டினார். ஒவ்வொரு எழுத்தாக.

"சுண்... டெலி" என்றது பெட்டி, கரகரவென்று. "அசையாதே."

துள்ளல் நின்றது. அக்கா மெல்லக் கையை எடுத்தாள். தலை தானாகவே வளையத் தலையணைக்குள் இறங்கி அமர்ந்தது. டாக்டர் ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"அப்பா" என்றாள் சுண்டெலி, தலையணைக்குள்ளிருந்து. "இவ்ளோ நேரம் எங்கப்பா போயிருந்தீங்க?"

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவளைக் கொண்டுவந்து படுக்க வைத்ததிலிருந்து மாமாவின் இடது கை அவள் கைக்குள்ளேயேதான் இருந்தது. அவள் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மற்றக் கையால் தட்டினார்.

"வந்துட்டேன்டா" என்றது பெட்டி.